பிங் செய்யப் போன பான்-தெங்

எங்கள் பேச்சில் பனிக்கட்டிக்கும் பிங் என்றே பெயர். படைவீரனுக்கும் பிங் என்றே பெயர். எழுதிக் காட்டினால் இரண்டுக்கும் வெவ்வேறு உருவம் உண்டு. காதுக்கோ இம்மியளவும் வேற்றுமை இல்லை. படையில் சேர்ந்து பணிபுரிவதைப் ‘பிங் செய்தல்’ என்போம். நீரை உறையவைத்துக் கட்டியாக்குவதையும் ‘பிங் செய்தல்’ என்றே சொல்வோம். பேச்சின் போக்கை நோக்கிப் பொருளைத் தெளிந்துகொள்வது வழக்கம். இப்படியொரு சிலேடை நாவில் இருப்பதால் பெங்ஹு தீவுகளில் எவரும் பெருந்துன்பம் அடைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. துவாஓ துறையில் மட்டும் ஒருவன் இந்தச் சொல்லினால் உயிரோடிருக்கும்போதே இறந்தோர் வரிசையில் சேர்ந்தான். எங்கள் துறையின் ஐஸ் ஆலைக்கு வரலாறு என்று ஒன்று இருக்குமானால், அது அவனுடைய வரலாறுதான்.

அவன் பெயர் லீ பான்-தெங். நான் அறிந்த காலத்தில் அவர் முதியவர். எஞ்சினுக்கு அருகிலேயே வாழ்நாளைக் கழித்ததால் செவி மந்தமாகியிருந்தது. சட்டையில் எப்போதும் அம்மோனியாவின் காரநெடி. அவர் தெருவில் வருவதை மூக்கே முதலில் சொல்லிவிடும். கேட்ட கேள்விக்கு விடை சொல்வதைக் காட்டிலும் எதிர்க்கேள்வி போடுவதில் அவருக்கு விருப்பம் மிகுதி. மீன் ஏன் செவுளிலிருந்து அழுகத் தொடங்குகிறது, ஆனி மாத வெயிலிலும் கிணற்று நீர் ஏன் குளிர்ந்திருக்கிறது என்றெல்லாம் சிறுவயதிலேயே கேட்டுக்கொண்டு திரிந்தவராம்.

பனிக்கட்டியை முதன்முதலாக அவர் கண்டது மீன் கம்பெனியின் கப்பலில். அப்போது தீவுகளை ஜப்பானியர் ஆண்டுகொண்டிருந்தனர். கூடை சுமக்கச் சென்றவன் கையளவு துண்டொன்றைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு, தாய்க்குக் காட்டவேண்டும் என்று ஓடோடி வந்திருக்கிறான். தாய் சியோக்-லுவான் வாசலில் வலைக்கண் கோத்துக்கொண்டிருந்தாள்.

“என்னமோ காட்டுறேன்னியே, எங்கடா?”

“இருந்துச்சும்மா. வர்ற வழியில போயிடுச்சு.”

“உங்கப்பன் கூலி கொண்டுவந்த கதை மாதிரியே இருக்கு” என்றாள் தாய். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. நனைந்த சட்டையை மட்டும் அவன் நெடுநேரம் கழற்றவில்லையாம்.

தந்தை சில ஆண்டுகளில் கடலோடு போனார். ஒரே மகன். அவனைப் பெருநிலத்துப் பக்கம் அனுப்புவதில்லை என்று தாய் உறுதியாக இருந்தாள். அங்கே தகாவ் துறைமுகத்தின் ஐஸ் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது போர் மூண்டு வளர்ந்துகொண்டிருந்தது. தாயிடம் நேரில் சொல்லும் துணிவு பான்-தெங்குக்கு இல்லை. கயிறு அவிழ்த்துவிட்ட படகில் தாவி ஏறிக்கொண்டு, துறையில் வேர்க்கடலை விற்றுக்கொண்டிருந்த சுன் என்பவரைப் பார்த்துக் கூவினான்:

“அண்ணே! அம்மாகிட்ட சொல்லிடுங்க! தகாவுக்குப் பிங் செய்யப் போறேன்!”

சுன் நல்லவர், சொன்னதைச் சொன்னபடியே போய்ச் சொன்னார். ஊரில் இளைஞர்களைப் படைக்குத் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அடுத்த வீட்டு வாசலில் போலீஸ்காரர் வந்து நின்று சென்று அதிக நாள் ஆகவில்லை. அந்த வேளையில் பிங் என்றால் எவர் செவியில் பனிக்கட்டி என்று விழும்? சியோக்-லுவான் வலையை முகத்தில் போட்டுக்கொண்டு அழுதாள். சுன்னும் உடன் அழுதார். தெருவே அழுதது.

பான்-தெங் வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா என்பது எனக்கு நீங்காத ஐயம். படைக்குப் போகிறேன் என்றால் எவரும் தடுக்கமாட்டார்கள் அல்லவா? முதுமையில் அவரிடமே கேட்டேன்.

“படகு கிளம்புற அவசரத்துல எவன்யா அகராதி பாத்துப் பேசுவான்?” என்றார். பிறகு, “ஏன், நீ பாப்பியா?” என்று என்னையே கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இன்றுவரை எனக்குப் பொருள் விளங்கவில்லை.

போர் முற்றியது, கடல்வழி அடைபட்டது, கடிதப் போக்குவரத்து நின்றது. தகாவ் துறைமுகம் வானிலிருந்து விழுந்த குண்டுகளால் பற்றியெரிந்தது என்று தப்பிவந்த கப்பலாள் ஒருவர் சொன்னார். அதைத் தவிர வேறு செய்தி இல்லை. துறையின் வடமுனையில், எங்கள் கடற்றெய்வமாகிய மாட்சு அம்மையின் காவற்படைக்குக் கல்லால் கட்டிய சிறு காவலிடம் ஒன்று இருக்கிறது. இறந்தோரின் ஆவிகளான, கண்ணுக்குப் புலப்படாத அந்த வீரர்கள் ஊரைச் சூழ்ந்து நின்று காக்கிறார்கள். முறை நாள்களில் வீட்டுக்கு வீடு மேசை கொண்டுவந்து, சோறும் மீனும் வைத்து, அந்தப் படைக்குப் படையல் இடுவோம். அன்னமின்றி எந்தப் படையும் நிற்காது. தெய்வப் படைக்கும் அதுவே நெறி.

மகன் இனி இல்லை என்றே முடிவுகட்டிய சியோக்-லுவான் ஒரு படையல் நாளில் அவன் பெயரைச் சிவப்புத் தாளில் எழுதுவித்துக் கொண்டுபோய்க் காவலிடத்தின் உட்சுவரில் ஒட்டினாள். “அம்மா, உனக்கு ஒரு பிங் தர்றேன், வாங்கிக்கோ” என்று வேண்டினாள். “அந்நிய மண்ணுல பேயா அலைய விடாதே. உன் ஆளுங்களோட நிக்கவச்சு, சோறு போட்டு வச்சுக்கோ.” அதன்பின் ஒவ்வொரு படையலிலும் அவனுக்கென்று தனிக் கிண்ணம் வைத்தாள்.

போர் ஓய்ந்து, ஜப்பானியர் நாடு திரும்பிய ஆண்டின் கூதிர்ப்பருவத்தில், பான்-தெங் தோளில் ஒரு மூட்டையோடு துறையில் வந்து இறங்கினான். முதலில் கண்டவர் கடலைக்காரர் சுன். அவர் தள்ளுவண்டியின்மேல் ஏறி நின்றுகொண்டார்.

“டேய், நீ சொன்னதைத்தான்டா நான் சொன்னேன்! ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல! என்கிட்ட வராதே!”

“கடலை கொடுங்கண்ணே, பசிக்குது.”

“பேய்க்குப் பசிக்குமா?” என்று அருகில் நின்றவர்களைக் கேட்டாராம் சுன். பசிக்கும் என்றே அவர்கள் சொன்னார்கள். அதனால்தானே படையல் இடுகிறோம்.

தாய் அவன் காலடியில் நிழல் விழுகிறதா என்று பார்த்தாள்; கன்னத்தைக் கிள்ளினாள்; பிறகு பன்றிக்கால் போட்ட சேமியா சமைத்து முன்னே வைத்தாள். கெடுகாலத்தைக் கழுவ எங்களுக்கு அதைவிடச் சிறந்த உணவு இல்லை. அவன் உண்டு முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத்தான் கேட்டாள்.

“எந்தச் சண்டையிலடா இருந்த?”

“சண்டையா? பிங் செய்யப் போறேன்னு சொல்லித்தானேம்மா போனேன். ஐஸ் கம்பெனி.”

சியோக்-லுவான் வலைகோக்கும் பட்டையான மூங்கில் ஊசியை எடுத்து அவன் முதுகில் இரண்டு வைத்தாள்.

“ஐஸா? ஐஸுக்காடா நான் கண்ணு வீங்க அழுதேன்? ஒரு கட்டி ஐஸுக்கு?”

“குண்டு விழுந்தப்ப கட்டிகளுக்கு நடுவுலதாம்மா ஒளிஞ்சிருந்தேன். அதான் தப்பிச்சேன்.”

அடிப்பதை அவள் நிறுத்தியது அதற்குப் பிறகுதானாம்.

துறையில் அந்நியக் கம்பெனி விட்டுச்சென்ற கொட்டகை ஒன்று கூரையிழந்து கிடந்தது. உள்ளே ஓர் எஞ்சினும், அமுக்குப்பொறியும், துருவேறிய குழாய்களும். அதுவரை எங்கள் மீனவர் அறிந்ததெல்லாம் உப்பும் வெயிலும்தாம். பிடித்த மீனை அன்றே உண்ணவேண்டும். இல்லையேல் கருவாடாக்க வேண்டும். பனிக்கட்டி இருந்தால் வஞ்சிரத்தைப் பச்சைமீனாகவே தகாவ் வரை கொண்டுசெல்லலாம் என்று பான்-தெங் சொன்னதை மீனவர் சங்கம் நம்பியது. பழுது பார்த்து ஓட்டிப் பார் என்று கொட்டகையை அவன் கையில் ஒப்படைத்தது. வாடைக்காற்று எழுந்து வஞ்சிரம் வரும் பருவம் தொடங்குவதற்குள் படகுகள் ஐஸ் ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினை உப்பளத்துக்காரர்களுக்கு நீரிறைக்கக் கொடுத்துவிடுவோம் என்றும் சொல்லிவைத்தது.

அவன் ஓட்டிக் காட்டினான். அந்த வினையில் எனக்கு வியப்பூட்டுவது ஒன்று உண்டு: அங்கே குளிரை எவரும் உண்டாக்குவதில்லை, வெப்பத்தை வெளியேற்றுகிறார்கள், அவ்வளவே. குழாய்க்குள் அம்மோனியா விரிந்து தன்னைச் சூழ்ந்த வெப்பத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தொட்டியிலுள்ள உப்புநீர் உறையாமலே கடுங்குளிர் எய்தும். அதில் நல்ல நீர் நிறைத்த தகரப் பெட்டிகளை இறக்குவார்கள். நீர் பெட்டியின் ஓரத்திலிருந்து உறைந்து நடுவை நோக்கி வரும். நடு கடைசியில்தான் உறையும். மெல்லிய குழாயால் காற்றை ஊதி நீரை அலைத்துக்கொண்டே இருந்தால் அழுக்கு ஒட்டாமல் கட்டி பளிங்குபோல் தெளியும். முதற்கட்டி வெளிவந்த நாளில் ஊரே திரண்டு வந்து தொட்டுப் பார்த்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தது. நக்கியும் பார்த்தது.

ஏற்றிச்செல்லத்தான் ஒரு படகும் வரவில்லை.

படகுத் தலைவர்களுள் மூத்தவர் ஆங் ஹாய்-லியோங். அவர் செய்ததையே மற்றவர் செய்வர். பான்-தெங் அவரைத் துறையில் மறித்துக் கேட்டான்.

“நீ நல்ல பையன்தான் ஆ-தெங். இல்லேங்கல” என்றார் ஹாய்-லியோங். “ஆனா உன் பேரு அங்க காவல்ல ஒட்டியிருக்கு. அம்மையோட செத்த படையில ஒருத்தன் நீ. உன் கையால செஞ்ச ஐஸை என் மீனுக்கு அடியில போட்டா, படகுக்கே பாடை கட்டின மாதிரி ஆகாதா? தகாவுல வெயில்காலத்துல ஐஸை எதுக்கு அடியிலடா வைக்கிறாங்க? பொணத்துக்கு!”

“மாமா, நான் தும்முறேன். சாப்பிடுறேன். உங்க பொண்ணுகூட என்னைப் பாத்து சிரிக்குது.”

“அதைத்தான் நான் மொதல்ல நிறுத்தணும்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஐஸ் ஏற்றவில்லை. செய்த கட்டிகள் கொட்டகைக்குள்ளேயே உருகி வாய்க்காலில் ஓடின. சியோக்-லுவான் அதைக் கேட்டுக் காவலிடத்துக்கு ஓடி, தாளைக் கிழித்தெறியக் கை நீட்டினாள். கோயில் பூசாரி கோக்-சான் பதறிப்போய்த் தடுத்தார்.

“கொடுத்த ஆளைப் பிடுங்கினா வரிசையில ஓட்டை விழும் அக்கா. அந்த ஓட்டை வழியா எது உள்ள வரும்னு யாருக்குத் தெரியும்? அம்மையைக் கேளுங்க. தர்றேன்னா வாங்கிக்குங்க.”

அம்மையைக் கேட்பது பிறைக்கட்டைகளால். மூங்கில் வேரில் கடைந்த இரண்டு கட்டைகள். ஒருபுறம் தட்டை, மறுபுறம் குவிவு. வேண்டிக்கொண்டு தரையில் இடவேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று குவிந்தும் விழுந்தால் அம்மை இசைந்தாள். இரண்டும் குவிந்து நின்றால் மறுத்தாள். இரண்டும் தட்டை காட்டிக் குலுங்கினால் அம்மை சிரிக்கிறாள். அதற்கு விடை இல்லை, மீண்டும் கேட்கவேண்டும்.

கோயில் நிறைந்திருந்தது. பான்-தெங் தூணோரம் நின்றான். சியோக்-லுவான் மண்டியிட்டுக் கேட்டாள்: “அம்மா, உனக்குக் கொடுத்த என் பிள்ளையைத் திருப்பித் தருவியா?”

இரண்டும் குவிந்து நின்றன. மீண்டும் கேட்டாள். மீண்டும் குவிந்தே நின்றன.

கூட்டத்தில் ஒருவர் பெருமூச்சு விட்டார். எஞ்சின் உப்பளத்துக்குத்தான் என்று எவரோ முணுமுணுத்தது பின்வரிசை வரை கேட்டது. சியோக்-லுவான் எழுந்திருக்கவில்லை. கட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, தாள் ஒட்டிய அன்று வேண்டிய சொற்களையே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். எழுதப்படிக்கத் தெரிந்தவளாக இருந்தால் அவளுக்கு அது தோன்றியிருக்குமா என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. படித்தவர் கண்ணுக்கு அவை இரண்டு சொற்கள். அவளுக்கோ எந்நாளும் ஒரே சொல்.

நிமிர்ந்தாள். குரல் மாறியிருந்தது, அங்காடியில் வழக்காடும் குரல்.

“அம்மா, நல்லா நெனச்சுப் பாரு. உனக்கு ஒரு பிங் தர்றேன்னுதான் சொன்னேன். எந்தப் பிங்குன்னு நான் சொல்லவே இல்லையே!”

கட்டைகள் விழுந்தன. இரண்டும் தட்டை காட்டி, படகுபோல ஆடி ஆடி நின்றன.

“அம்மை சிரிக்கிறா!” என்றது கூட்டம்.

“கேள்வி தெளிவா இல்லை, அதான்” என்றார் பூசாரி.

“தெளிவா இருக்கறதாலதான்யா சிரிக்கிறா” என்றார் ஹாய்-லியோங், தம்மையும் அறியாமல்.

சியோக்-லுவான் விடவில்லை. “சிரிச்சா போதாது, வழி சொல்லு. ஒவ்வொரு படையலுக்கும் கட்டி கட்டியா பிங் கொண்டாந்து உன் ஆளுங்களுக்கு வைக்கிறோம். வெயில்ல நிக்கிறவங்க, குளிரட்டும். இந்தப் பிங்கை வச்சுக்கிட்டு அந்தப் பிங்கைக் கொடு.”

கேட்டது ஒரே கேள்வி. இட்டது மூன்று முறை. மூன்று முறையும் ஒன்று தட்டை, ஒன்று குவிவு. ஐயத்துக்கு இடமில்லாத இசைவு அது.

எஞ்சியது அந்தத் தாள். எரித்துவிடலாம் என்றார் பூசாரி. “அவனுக்கு நானே கொள்ளி வைக்கவா?” என்றாள் தாய். கடலில் விடலாம் என்றார் ஒருவர். “கடல் வாங்கினதை எப்பய்யா திருப்பிக் கொடுத்திருக்கு?” என்றாள். கிழிப்பதற்கும் மனம் இல்லை. அப்போதுதான் பான்-தெங் வாய்திறந்தான்.

“என்கிட்ட கொடுங்க. அம்மைக்குத் தர்ற பிங்குக்குள்ளேயே வைக்கிறேன்.”

தாளை நூலில் கட்டித் தகரப் பெட்டியின் நடுவில் தொங்கவிட்டான். உறைவு நான்கு புறமும் நெருங்கிவந்ததும் காற்றுக்குழாயை மூடிவிட்டான். அடுத்த படையல் நாளில் நான்கு பேர் மூங்கிலில் கட்டித் தூக்கிவந்த அந்தக் கட்டியைக் காணாதவர் துறையில் எவரும் இல்லை. தெளிந்த பளிங்கு, அதன் நெஞ்சில் சிவந்த தாள், தாளில் கருமையாக லீ பான்-தெங். சாயம் கசிந்து தாளைச் சுற்றிலும் செவ்வானம்போலப் படர்ந்திருந்தது. காவலிடத்தின் முன் கல்மேடையில் அதை வைத்தார்கள். வெயில் ஏறியது.

சியோக்-லுவான் அருகே போய் நின்று, தன் குடையை விரித்து, கட்டியின்மேல் பிடித்தாள்.

“நெழல் பிடிச்சா எப்படிக்கா உருகும்?” என்று சுன் அதட்டினார்.

“வெயில்ல நிக்கிறானேன்னு…” என்று அவள் தொடங்கினாள், முடிக்கவில்லை. சற்றுத் தொலைவில், சோற்றுக்கூடையைச் சுமந்தபடி, முழங்கால் வரை நனைந்து, உயிரோடு நின்றுகொண்டிருந்த மகனைத் திரும்பிப் பார்த்தாள். குடையைத் தானே மடக்கினாள்.

கட்டி மெலிந்தது. செந்நீர் கல்லில் வழிந்தது. தாளின் ஓரம் வெளியே தலைகாட்டியதும் நைந்து கூழாகியது. எழுத்து கரைந்ததா, தாள் சிதைந்ததா என்று கேட்டால் பார்த்தவர்கள் இன்றும் இருவகையாகச் சொல்வார்கள். கல் காய்ந்தபோது மேடையில் ஒன்றும் இல்லை. பூசாரி மணியடித்தார். எல்லாரும் உண்ண அமர்ந்தார்கள்.

மறுநாள் வாடை எழுந்தது. விடிந்து வெளுக்கும் வேளையில் ஹாய்-லியோங்கின் படகு மற்றப் படகுகளோடு கிளம்பாமல், ஆலையின் பக்கமாக வந்து அணைந்தது. பான்-தெங் கையில் கொக்கியோடு வாசலில் நின்றிருந்தான். அவர் கரையில் இறங்காமலே, கட்டியிலிருந்து தெறித்துக் கிடந்த சில்லொன்றை எடுத்துத் தரச்சொல்லி வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுளித்தது.

“பல்லு கூசுதுடா.”

“உசிரு இருக்குல்ல மாமா, அப்படித்தான் கூசும்.”

அவர் சில்லை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். பின்னால், கிளம்பிப்போன படகுகளில் இரண்டு வேகம் குறைத்து, அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தன.

“என்னடா நின்னு பாத்துக்கிட்டு இருக்க?” என்றார் ஹாய்-லியோங். “ஏத்து!”